என் கால் அறிந்ததை என் வாய் சொல்கிறது

(கோவிலம்பாக்கம் தண்ணீர் கேன் தொழிலாளர் சங்கம் நடத்திய முதுகெலும்பு மருத்துவ முகாமின் தொடக்கக் கூட்டத்தில் எழில் பேசியது)

முகூர்த்த நாள் என்றும் பாராமல் இந்த மண்டபத்தை முதுகு நொந்தவர்களுக்காகத் திறந்துவிட்டு, அவைக்குத் தலைமையும் ஏற்று வீற்றிருக்கும் பெரியவர் சம்பந்தம் ஐயா அவர்களே! ஒரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்கள் வீட்டின் ஏழு வருட இருட்டை எனக்குக் காட்டிய மருத்துவர் ஈவ்லின் அம்மா அவர்களே! இந்தக் கூட்டத்தைக் கூட்டிய சங்கச் செயலாளர் வேதசிரோமணி அண்ணன் அவர்களே! படிக்கட்டையே பாதையாகவும் தோளையே வண்டியாகவும் கொண்டு வாழும் அண்ணன்மார்களே! அவர்கள் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்தபடி நிற்கும் தாய்மார்களே! முதல் வரிசையில், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் துரை அவர்களே!

இன்னும் ஒருவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். வாசல் ஓரத்தில், பைக் சாவியைக் கையில் பிடித்தபடி, உட்காராமல் நிற்கும் அண்ணனே! உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். நான் முடிக்கும்வரை அந்தச் சாவியை வண்டியில் போடாதீர்கள். அது போதும் எனக்கு.

அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்ன அண்ணா, பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுங்கள். இப்போது கேட்கிறதா? நல்லது.

நான் எழில். பதினெட்டு வயது. பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு பள்ளியை விட்டவள். தண்ணீர் கம்பெனியில் கேன் கழுவுகிறேன். நீங்கள் தோளில் தூக்கும் கேன்கள் எல்லாம் முதலில் என் கையில் குளித்தவை. மேடை எனக்குப் புதிது. மைக் எனக்குப் புதிது. ஆனால் இங்கே இருக்கும் பாதிப் பேரின் முதுகு எனக்குப் பழையது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் மருத்துவர்களுக்குத்தான் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தலை முன்னே வராமல் கால் முன்னே வந்து பிறந்த பிள்ளை மிதித்தால், முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்கள். நான் கால் முன்னே வந்து பிறந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என் கால் தெருவுக்குச் சொந்தம். சுளுக்கு வந்தவர் விடிந்ததும் எங்கள் வாசல்படிக்குக் குறுக்கே குப்புறப் படுப்பார். நான் பல் துலக்கும் முன், எவரிடமும் ஒரு வார்த்தை பேசும் முன், இடது காலை முதலில் வைத்து அவர் முதுகில் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். மிதிக்கும்போது பேசக் கூடாது. மிதித்த பிறகும் எதுவும் சொல்லக் கூடாது. அதுதான் விதி.

அந்த விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? வகுப்பில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கவே தயங்கியவள் நான். கடையில் மீதிச் சில்லறை கேட்க வெட்கப்பட்டு வீட்டுக்கு ஓடி வந்தவள் நான். பேசாதே என்று சொன்ன ஒரே வேலை, பெருமை தந்த ஒரே வேலை, அதுதான். “எழிலுக்கு வாய்தான் இல்ல, காலு தங்கம்” என்று தெருவே சொன்னது. தெரு சொன்னதை நானும் நம்பினேன்.

நம்பிய காலோடு நான் என் அண்ணன் முதுகில் ஏறினேன்.

அப்போது எனக்குப் பத்து. அண்ணனுக்குப் பதினெட்டு. வலது தோளில் ஒரு கேன், இடது கையில் ஒரு கேன். கேனுக்கு இருபது லிட்டர். லிஃப்ட் இல்லாத மாடிகளாகப் பார்த்து அவருக்குத்தான் கொடுப்பார்கள், ஓடி ஏறுவார் என்பதால். ஒரு நாளைக்கு அறுபது கேன். அந்த அண்ணன் ஒரு நாள் காலையில் தரையில் காலை ஊன்ற முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிகால் வலி. செருப்பு சரியில்லை என்றோம். சில மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே வலி. ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம். பாரம் தூக்கியது என்றோம். பிறகு முதுகு. காலையில் எழுந்தால் முதுகு மரம்.

ஆனால், அவையோரே, இங்கேதான் இந்த நோய் எங்களை ஏமாற்றியது! படுத்திருந்தால் வலி. நடந்தால் வலி குறையும். ஓய்வு எடுத்தால் இறுகும். வேலை செய்தால் இளகும். எட்டு மணிக்குச் சுவரைப் பிடித்து நடக்கும் துரை, பதினோரு மணிக்கு மூன்றாவது மாடிக்கு ஓடுவார். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முனையில் டிபன் கடை வைத்திருக்கும் சந்திரிகா அக்கா என்ன கேட்டார்கள்?

“இன்னா துரை, இட்லி துன்ன வரசொல்ல கெய்வன் மாதிரி வர, மத்தியானம் பாத்தா கொமரன் மாதிரி ஓடிகினு கீற? வேலைக்குக் கெளம்பற நேரத்துல மட்டும்தான் உன் முதுவு நோவுமா?”

அக்கா, தலையைக் குனியாதீர்கள். நீங்கள் மட்டுமா கேட்டீர்கள்? கம்பெனியில் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கடைசியில் அண்ணனே தன்னைக் கேட்டுக்கொண்டார், நான் சோம்பேறிதானோ என்று.

அதனால்தான் அம்மா ஒரு நாள் சொன்னார்கள்: “எழிலு, தெருவுக்கெல்லாம் மிதிக்கிற. அண்ணன் முதுவுல கொஞ்சம் ஏறுடி.”

ஏறினேன். அண்ணன் எழுந்தார், நடந்தார், குளித்தார். அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. வலி இறங்கியது. “பாத்தியா! எழிலு கால் பட்டா எனக்கு உடம்பே லேசாப் பூடுது!” என்றார்.

வலியைக் குறைத்தது எது? எழுந்து நடந்த நடை. பெயர் வாங்கியது எது? என் கால்! அவர் உடம்பு தானாக இளகும் நேரமும், நான் மிதித்து முடிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. அந்த ஒற்றுமையை நாங்கள் மருந்து என்று நினைத்தோம். ஒரு நாள் நினைத்தோமா? ஒரு மாதம் நினைத்தோமா? ஏழு வருடம் நினைத்தோம். தெருக்காரர்களுக்கு மூன்று மிதி. என் அண்ணனுக்கு, பாசத்தால், முப்பது மிதி. பத்து வயதில் என் எடை இருபத்தெட்டு கிலோ. பதினேழு வயதில் நாற்பத்தொன்பது. நான் வளர வளர, அந்த முதுகின் மேல் பாரம் வளர்ந்தது.

இனி நான் சொல்லப்போவதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா, அங்கே உட்கார்ந்தே கேளுங்கள், எழுந்து வராதீர்கள்.

என் காலுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு முதுகு மிதிக்கும்போது நெளியும். மூச்சு விட்டால் எழும், இறங்கும். பாதத்தின் கீழே அது உயிரோடு இருப்பது தெரியும். எனக்குப் பதினாறு வயது ஆனபோது, என் அண்ணன் முதுகு நெளிவதை நிறுத்திவிட்டது. இடுப்பிலிருந்து மேலே ஒரு சாண் தூரம், சிமெண்டுத் தரைமேல் நிற்பது போல இருந்தது. இது சரியில்லை என்று என் கால் சொன்னது. என் வாய் சொல்லவில்லை. மிதித்த பிறகு பேசக் கூடாது என்பது விதி அல்லவா? விதியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு வருடம்! முந்நூற்று அறுபத்தைந்து காலை! ஒவ்வொரு காலையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் நான் பேசவில்லை.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நன்றி.

உண்மையை வெளியே கொண்டுவந்தது யார்? நான் இல்லை. அண்ணனின் கண். ஒரு நாள் வலது கண் ரத்தச் சிவப்பாகி, வெளிச்சம் பார்க்க முடியாமல் போயிற்று. குரோம்பேட்டையில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, “தம்பி, காலைல முதுகு இறுக்கமா இருக்குமா?” என்று கேட்டார். அண்ணன் திகைத்துவிட்டார். “கண்ணுக்குத்தான் சார் வந்தேன். முதுவ இன்னாத்துக்கு கேக்கறீங்க?” என்றார். அந்தக் கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுதான் எங்களை ஈவ்லின் அம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தார்கள். முதுகெலும்பு தனித்தனிக் கட்டைகளாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு இடுப்புப் பக்கம் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே எலும்பே பாலம் கட்டியிருந்தது. “தேய்மானமா டாக்டர்?” என்றார் அண்ணன். “தேயல, துரை. வளந்திருக்கு. வளரக்கூடாத எடத்துல எலும்பு வளந்திருக்கு” என்றார்கள் ஈவ்லின் அம்மா.

எலும்பு வளர்வது நல்லதுதானே என்று நினைத்தேன் நான். நீங்களும் நினைப்பீர்கள். எலும்பு ஏன் வளர்ந்தது? ஈவ்லின் அம்மா சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். தவறு இருந்தால் அவர்களே திருத்தட்டும்.

நம் தெருவைப் பாருங்கள். தண்ணீர் லாரி போகும் தெரு. பூமிக்கடியில் பைப் இருக்கிறது. பைப்பும் பைப்பும் சேரும் இணைப்பில் கசிவு. மேலே கறுப்பு ரோடு, கசிவு கண்ணுக்குத் தெரியாது. லாரி போகிறது, ரோடு உள்வாங்குகிறது. உடனே ஆள் வருகிறார்கள். கசிவை அடைத்தார்களா? இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டினார்களா? இல்லை. மேலேயே ஜல்லி, மேலேயே தார். மறுபடி கசிவு, மறுபடி லாரி, மறுபடி தார். மேலே, மேலே, மேலே! இன்று நம் வீட்டு வாசல்படி எங்கே இருக்கிறது? ரோட்டுக்கு இரண்டடி கீழே! மழை பெய்தால் தெருத்தண்ணீர் நம் வீட்டு அடுப்படியில் நிற்கிறதே! ரோடு போட்டவருக்குக் கெட்ட எண்ணமா? இல்லை. அவர் ரிப்பேர்தான் செய்தார். நிறுத்தத் தெரியாத ரிப்பேர்.

உடம்பும் அப்படித்தான். தசைநார் எலும்பில் வந்து ஒட்டும் இடம் இருக்கிறதே, அதுதான் இணைப்பு. குதிகாலில் இருக்கிறது, இடுப்பில் இருக்கிறது, முதுகெலும்பின் ஒவ்வொரு கட்டையிலும் இருக்கிறது. நாம் தூக்கும் பாரம், ஏறும் படி, குனியும் குனிவு, எல்லா இழுப்பும் அங்கேதான் விழுகிறது. சிலர் உடம்பில், பிறவியிலேயே வந்த ஒரு தன்மையால், அந்த இழுப்பு விழும் இடத்தில் உள்ளுக்குள் ஒரு காந்தல் பற்றிக்கொள்கிறது. அழற்சி என்கிறார்கள் மருத்துவர்கள். அதுதான் கசிவு. காந்தல் எலும்பைப் புண்ணாக்குகிறது. உடம்பு ஓடி வந்து ரிப்பேர் செய்கிறது. எதை வைத்து? எலும்பை வைத்து! காந்தல் நிற்கவில்லை, பாரம் நிற்கவில்லை, ரிப்பேரும் நிற்கவில்லை. எலும்பின் மேல் எலும்பு, எலும்பிலிருந்து முள், முள்ளிலிருந்து பாலம். கடைசியில் தனித்தனிக் கட்டைகள் ஒரே கட்டை.

அப்படியென்றால் கேன் தூக்கியதால் வந்த நோயா? வேதசிரோமணி அண்ணனும் பதினைந்து வருடம் தூக்கினார். அவர் இன்றும் வில்லாக வளைகிறார். லாரி எல்லாத் தெருவிலும்தான் போகிறது. கசிவு இருக்கும் தெருதான் உள்வாங்குகிறது. அப்படியென்றால் அசையாமல் படுத்துவிடலாமா? கூடவே கூடாது! படுத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். முறையான பயிற்சி மருந்துக்குச் சமம். அசைவு வேறு, அடி வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் மிதித்தேன்.

என்ன சந்திரிகா அக்கா? “அப்ப என் முட்டிக்கும் இதுதானாடி?” என்று கேட்கிறார்கள். அக்கா, உங்களுக்கு வயது ஐம்பத்தெட்டு. உங்கள் முட்டியில் இருப்பது தேய்மானம், ஓரத்தில் சின்ன முள். அங்கேயும் உடம்பு ரிப்பேர்தான் செய்கிறது, ஆனால் அது வேறு தெரு. மூன்றாவது மேசைக்குப் போங்கள். டோக்கன் வாங்காமல் போகாதீர்கள்!

அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஈவ்லின் அம்மா அண்ணனின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: “யாராவது இங்க அழுத்தி மசாஜ் பண்றாங்களா? ஏறி மிதிக்கிறாங்களா?”

“அதெல்லாம் யாரும் இல்ல டாக்டர்” என்றார் அண்ணன். சட்டென்று சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அப்போதே அவருக்குக் கழுத்து திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்.

“மிதிச்சிருந்தா தப்பிச்சது அதிர்ஷ்டம்தான். இப்படி ஒட்டிப்போன முதுகெலும்பு சாக்பீஸ் மாதிரி. ஒரு நாள் படக்குனு உடையும். கால் ரெண்டும் போயிடும்.”

என் வாழ்க்கையில் நான் யாரும் கேட்காமல் பேசிய முதல் வார்த்தை அங்கேதான் வந்தது.

“நான்தான்.”

“எத்தனை நாளா?” என்றார்கள்.

“ஏழு வருஷமா.”

அண்ணன் கத்தினார்: “ஏய், வாய மூடு எழிலு! டாக்டர், அது கொயந்த, நான்தான் மிதிக்க சொன்னேன். அத ஒண்ணும் சொல்லாதீங்க!”

பாரம் தாங்கியவர் அவர். பழியையும் தாங்கப் பார்த்தார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “என்னாலதான் எலும்பு வளந்துச்சா டாக்டர்?” ஈவ்லின் அம்மா பொய் சொல்லவில்லை. “இந்த நோய் உன் காலால வரலம்மா. நீ மிதிச்சது எவ்வளவு கூட்டுச்சுன்னு என்னால அளந்து சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. ஆனா ஏழு வருஷம் லேட்டா வந்தீங்க, அது மட்டும் எனக்குத் தெரியும். அப்பவே வந்திருந்தா அந்த அழற்சிய அடக்கியிருக்கலாம்” என்றார்கள்.

அளந்து சொல்ல முடியாத அந்த அளவு இருக்கிறதே, அதை நான் தினமும் தூக்குகிறேன். இருபது லிட்டர் கேனைவிடக் கனமாக இருக்கிறது.

இன்று அண்ணன் மருந்து எடுக்கிறார், பயிற்சி செய்கிறார். வலி குறைந்திருக்கிறது, கண் தெளிந்திருக்கிறது. கம்பெனியில் போனில் ஆர்டர் எடுக்கிறார். ஆனால் கட்டிய பாலத்தை இடிக்க மருந்து இல்லை. கீழே விழுந்த பேனாவை அவரால் எடுக்க முடியாது. பின்னால் கூப்பிட்டால் திரும்ப முடியாது.

வாசலில் நிற்கும் அண்ணனே! இப்போது உங்களுக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் எங்கள் வாசல்படியில் படுத்திருந்தீர்கள். உங்களுக்கு இருபத்து மூன்று வயது. “குதிகால் நோவுது எழிலு. காலைல முதுவு கட்ட மாதிரி கீது. பத்து மணிக்கு மேல சரியாப் பூடுது. ஒரு தபா ஏறிடு” என்றீர்கள். என் அண்ணன் சொன்ன அதே வார்த்தைகள்! நான் மாட்டேன் என்றேன். நீங்கள் எழுந்து, சட்டையை உதறி, என்ன கேட்டீர்கள்?

“உங்க அண்ணனுக்குன்னா ஏழு வருஷம் மிதிப்ப. எனக்குன்னா காலு வலிக்குதா? படப்பைல ஒருத்தர் கீறாரு, அவரும் கால் முன்ன பொறந்தவருதான். வர ஞாயித்துக்கெயம போய்க்கிறேன், போ!”

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. என் வாய் அப்படித்தான், நேரத்துக்கு வராது. இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. சாவி உங்கள் கையில். படப்பை உங்கள் முன்னால். என் பதில் இதோ.

அண்ணனே, என் கால் வலிக்கவில்லை. என் கால் பயப்படுகிறது. உங்கள் முதுகு இன்னும் நெளியும். இன்னும் உயிரோடு இருக்கும். அதை மிதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாற்பது வயதுக்குள் தொடங்கிய வலியா? மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதா? காலையில் அரை மணிக்கு மேல் இறுகுகிறதா? ஓய்வில் கூடி, நடையில் குறைகிறதா? இதைத்தான் முதல் மேசையில் கேட்பார்கள். மிதிக்க மாட்டார்கள், நீவ மாட்டார்கள். கேட்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், படம் எடுக்க எழுதுவார்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் என்னைத் திட்டுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். ஏதாவது இருந்தால், பாலம் கட்டும் முன் கசிவை அடைக்கலாம். என் அண்ணனுக்குக் கிடைக்காத ஏழு வருடம் உங்கள் கையில் அந்தச் சாவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

இந்த அவையின் முன்னே சொல்கிறேன். கால் முன்னே பிறந்த எழிலின் கால், இன்றிலிருந்து எந்த முதுகிலும் ஏறாது. விடியற்காலையில் என் வாசலுக்கு வாருங்கள். நான் மிதிக்க மாட்டேன், கேட்பேன். எப்போது இறுகுகிறது, எப்போது இளகுகிறது என்று கேட்பேன். வாய் இல்லாத பெண் என்று பெயர் எடுத்தவள், உங்கள் முதுகுக்காக வாய் திறப்பேன்.

என்ன அண்ணா? கேட்கவில்லை. கொஞ்சம் அமைதியாக இருங்கள், அவர் ஏதோ சொல்கிறார்...

“பேர சொல்லு எழிலு, பரவால்ல” என்கிறார்.

மோகன்ராஜ் அண்ணன், அவையோரே. சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

கை தட்ட வேண்டாம். வழி விடுங்கள், அது போதும். துரை அண்ணா, நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? சரி. கூடப் போங்கள். மோகன்ராஜ் அண்ணா, அவருக்குப் பின்னால் நடக்காதீர்கள், அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. பக்கத்தில் நடங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட தலைவர் ஐயா அவர்களுக்கும், மருத்துவர் அம்மாவுக்கும், சங்கத்தாருக்கும், தாய்மார்களுக்கும் என் நன்றி. என் அண்ணன் இந்த அவையை வணங்க வேண்டுமென்றாலும் குனிய முடியாது. ஆகவே, அவருக்காக ஒரு முறை, எனக்காக ஒரு முறை, இரண்டு முறை குனிந்து வணங்கி விடைபெறுகிறேன்.